புரட்டாசிக் கோழி

"பாத்துட்டேன்டி! என் ரெண்டு கண்ணால பாத்துட்டேன்!"

கிருஷ்ணவேணிக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த தீபிகா நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா பாத்தே?"

"நம்ம வரதராஜன் சாரு கோல்ட் ரூம்ல இருந்து கோழிக்கறிய எடுத்து டிபன் கேரியர்ல வெச்சு மூடறாரு. அதுவும் புரட்டாசி சனிக்கிழமைல!"

தீபிகா வாயில் கை வைத்தாள்.

வைக்க வேண்டிய விஷயம்தான். தென்னேரிப் பக்கம் இருக்கும் அந்தக் கோழி பதப்படுத்தும் கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர் வரதராஜன். நாமம் இல்லாத நெற்றியோடு அவரை யாரும் பார்த்ததில்லை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவர் ஊரான ஓரிக்கையில் பஜனை என்றால் முதல் குரல் அவருடையது.

"கோழி கம்பெனியில வேல, வாயில கோவிந்தாவா சார்?" என்று யாராவது சீண்டினால், "சம்பளம் வயித்துக்கு, கோவிந்தா மனசுக்கு" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவரா? கிருஷ்ணவேணியும் அதே பஜனை கோஷ்டி. மனசு கேட்கவில்லை. நேரே போய் நின்றாள்.

"கேரியர்ல இன்னா சார்?"

வரதராஜன் திடுக்கிட்டார். "கோழிம்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்னு வெச்சுக்கோயேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"பெருமாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் கிருஷ்ணவேணி.

அப்புறம் அவள் வாய் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்க, சாயங்காலத்துக்குள் ஓரிக்கை முழுக்கப் பரவிவிட்டது. பஜனை மடத்து வாசலிலேயே கோஷ்டித் தலைவர் தர்மன் அவரை வழிமறித்தார்.

"சாரே, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேணாம்."

வரதராஜன் கையிலிருந்த ஜால்ராவை அவரிடம் கொடுத்துவிட்டுத் தெருமுனையில் போய் நின்றுகொண்டார். இத்தனை வருஷம் முன்னால் நின்று பாடிய மனுஷன், அங்கிருந்தபடியே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் கிருஷ்ணவேணி.

அடுத்த வாரமும் அவர் கேரியரும் கையுமாகத்தான் கிளம்பினார்.

"சூடு சொரணை இருக்குதா பாரு!" என்றாள் தீபிகாவிடம்.

புரட்டாசி ஒருவழியாக முடிந்தது. அந்த மாதம் பூராவும் ஊரில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள். அதனால் வெட்டிய கோழியெல்லாம் வெளியே போகாமல் உறைந்துபோய் கோல்ட் ரூமிலேயே காத்திருக்கும். முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனிக்குத் தீபாவளி. சனிக்கிழமை காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன.

அப்போதுதான் முதலாளி ஃபக்ருதீன் பாய் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஒரு பாக்கெட்டும் வெளிய போகாது. உள்ள இருக்கிற அத்தனையும் குழி தோண்டி பொதைக்கப் போறோம். கோழியில சால்மொனெல்லா கிருமி இருக்குது."

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"நல்லா வேக வெச்சா செத்துடுமே பாய்?" என்றாள் கிருஷ்ணவேணி.

"வேகறதுக்கு முன்னாடியே உன் கை, கத்தி, நறுக்கி வெச்ச தக்காளின்னு எல்லாத்துலயும் ஒட்டிக்குமேம்மா. கொழந்தைங்க ஒடம்பு தாங்குமா? ஏதோ ஒரு கோழிக்கு கொடல் கிழிஞ்சிருக்குது. அது முங்கின ஐஸ் தண்ணித் தொட்டியிலதான் மத்ததும் முங்கிச்சு."

"நம்ம லேப்ல ஒன்னும் இல்லன்னாங்களே?"

"நம்ம லேப்ல மாட்டல. வரதராஜன் சாருக்குத்தான் அந்தத் தொட்டி மேல சந்தேகம் தீரல. கேரியர்ல ஐஸ் போட்டு, அவரே ரெண்டு வாட்டி மெட்ராஸ் லேபுக்கு எடுத்துக்கினு போனாரு. மொத வாட்டி சந்தேகம்னாங்க. ரெண்டாவது வாட்டி உறுதியாயிடுச்சு."

"ஊரு கன்னாபின்னான்னு பேசுது சார், நான் உண்மைய சொல்லிடறேன்னு சொன்னேன்" என்றார் பாய். "'வெறும் சந்தேகத்துலயே பேரு வெளிய போனா, ஒரு வாட்ஸ்அப் போதும் பாய், கம்பெனிய மூடிடுவாங்க. இத்தினி பொம்பளைங்க எங்க போவாங்க? கோழி உள்ளதானே இருக்குது, கிருமி இல்லன்னா சந்தோஷம், இருந்தா நாமளே சொல்லிடலாம்'னு என் வாய அடைச்சுட்டாரு. நஷ்டம் என்னோட போவட்டும். தொட்டிய மாத்திட்டு மறுபடி ஓட்டுவோம். யாருக்கும் வேல போகாது."

பெண்கள் கலைந்தார்கள். இந்த மனுஷனையா தெருமுனையில் நிற்க வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள் கிருஷ்ணவேணி. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த வரதராஜனிடம் போனாள்.

"சார்... ஊரெல்லாம் தண்டோரா போட்டேனே பாவி! திங்கறதுக்கு இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

வரதராஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"சொல்லியிருக்கலாம்தான். 'அப்ப எதுக்கு எடுத்துக்கினு போறீங்க'ன்னு அடுத்தாப்ல கேட்டிருப்பியேம்மா!"