கம்பளிக்கே குளிரெடுத்த கதை

கம்பளிக் குல்லா சூடு கொடுக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருப்பது மாபெரும் பிழை. குல்லாவிடம் சொந்தமாகத் துளிச் சூடும் கிடையாது. தலையில் இருக்கும் சூட்டை ஓடவிடாமல் பிடித்துவைப்பதோடு அதன் திறமை தீர்ந்தது.

பிரசவ அறையில் காத்திருந்த குட்டிக் குல்லாவுக்கு இது நன்றாகத் தெரியும். கவலையும் அதனால்தான். வரப்போவது குறைமாதக் குழந்தை. உடம்பில் கொழுப்பு இருக்காது. ஈரத்தோடு வெளியே வந்ததும் இருக்கிற சூடும் பறந்துவிடும். சுவரில் இருந்த ஏசியோ விடாமல் ஊதிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்களேன். பிஞ்சு தாங்காது."

"பெரிய டாக்டர் வர்ற நேரம்டா. அவருக்கு வேர்த்தா என் மானம் என்னாகுறது? போடா, நூல்கண்டு!"

குல்லா கெஞ்சியது. பலனில்லை. அதற்குள் தாயை அழைத்து வந்து படுக்க வைத்துவிட்டார்கள். குல்லா தன் பிறவிப் பெருமையை விழுங்கிக்கொண்டு நூல் நூலாக நடுங்கத் தொடங்கியது.

"ஐயோ அண்ணே, எனக்கே குளிருதே!"

ஏசி திகைத்தது. "யாருக்கு? கம்பளிக்கா?"

"ஆமாண்ணே, ஒத்துக்கிறேன். இதுக்கு மேல ஊதி என்ன சாதிக்கப் போறீங்க?"

"கேட்டீங்களா எல்லாரும்! கம்பளிக்கே குளிருதாம்!" என்று அறை அதிர முழங்கிய ஏசி, பிறவிப் பயனை அடைந்த நிறைவோடு கண்ணயர்ந்தது.

அறை மெல்லக் கதகதப்பானது. குழந்தை பிறந்தது, துடைத்த தலையில் குல்லா ஏறியது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர், "பிள்ளை ஜம்முனு இருக்கான்பா!" என்றது.

அலமாரியில் இருந்த மற்ற கம்பளிக் குல்லாக்கள் அன்று முதல் அதனோடு பேசுவதில்லை.