முயல் ரத்த எண்ணெய்

ராஜகீழ்ப்பாக்கத்து வாடகை வீட்டின் மாடிப்படியில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. சாஜிதா மடியில் முயலை வைத்துப் பேன்சீப்பால் வாருகிறாள். அதன் விலாவில் உள்ளங்கையளவு வெறுந்தோல். போன வாரம்வரை அது தாம்பரத்தில் முயல் ரத்த எண்ணெய் விற்பவனின் கூண்டில் காட்சிக்கு இருந்தது. ரோமம் கொட்டிய முயலைக் காட்டினால் முடி வளருமென்று எவன் நம்புவான் என்று அவன் கத்தியை எடுத்தபோது, சண்டை போட்டுத் தூக்கி வந்தாள். சீப்பிலிருந்து பறக்கும் ரோமம், கீழ்ப்படியில் நிற்கும் வீட்டுக்காரர் மோகன்ராஜின் வேட்டியில் போய் ஒட்டுகிறது.

"சொறி முயலும்மா அது. எல்லாருக்கும் ஒட்டிக்கும். இன்னைக்கே எங்கயாவது விட்டுடு."

"சொறி இல்ல சார். கூண்டு நெருக்கடியில அதுவே கடிச்சுப் பிடுங்கிக்கிச்சாம். தினம் வாரி விட்டு நல்லா பாத்துக்கிட்டா முளைச்சிடும்னு டாக்டர் சொன்னாரு."

"முளைக்கிறதாவது!"

அவர் வழுக்கையில் அதே சிவப்பு எண்ணெய் மினுங்குகிறது. வாடை பட்டதும் முயல் அவள் முழங்கைக்குள் முகத்தைப் புதைக்கிறது. சாஜிதாவின் சீப்பு நிற்கவில்லை.

"எத்தனை முயல் ரத்தம் தடவினீங்க சார், ஒரு முடியாவது முளைச்சுதா? இதுக்கு முளைக்கும். இந்த மாடியிலயே முளைக்கும்."