அடைப்பு

"பம்ப்பை நாசம் பண்ணினதே நீங்கதான், மாப்பிள்ளை."

மாமியார் இதைச் சொன்னபோது மருமகன் வேனின் பக்கக் கதவு வழியே டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே தலையை நுழைத்திருந்தான். வெளியே இழுத்த வேகத்தில் தலை இரும்புச் சட்டத்தில் ணங்கென்று இடித்தது.

"நான் எதுக்கு அத்தை நாசம் பண்றேன்? காலையில கீழ்த்தளம் பூரா இதே பம்ப்புலதானே கழுவினேன்?"

"பொண்டாட்டிய வெச்சுக் காப்பாத்தத் தெரியல. பம்ப்பா உங்க கையில தங்கும்?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வேன் மாமியாருடையது, தொழிலும் அவருடையது. டேங்கிலிருந்து பம்ப் தள்ளும் தண்ணீர் குழாய் வழியே ஓடி, நீளக் கம்பின் நுனியிலுள்ள பிரஷில் பீறிட்டு மாடி ஜன்னல்களைக் கழுவும். கம்பு அவன் கையில்; வேனின் பின்னால் நின்று குழாயை விடுவதும் சுற்றுவதும் அவர்.

ஏதோ ஒரு சண்டையில், "உன்னைக் கட்டினதுக்கு அந்தப் பம்ப்பைக் கட்டியிருக்கலாம், சொன்ன பேச்சாவது கேக்கும்" என்று மனைவியிடம் வாய்விட்டுவிட்டான். அன்றே பெட்டியைத் தூக்கியவள்தான். போன் நம்பரை மாற்றிவிட்டாள். எங்கோ வேலை, எங்கோ ஹாஸ்டல். அது எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் மாமியார்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு தினமும் இந்த வேனில் ஏறினான். இன்றோடு சரி. இன்றும் அவர் வாயைத் திறக்காவிட்டால் சாயங்கால பஸ்ஸில் அண்ணன் ஊருக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு. முன் சீட்டில் அவன் வைத்த துணிப்பையைக் காலையிலேயே மாமியார் பார்த்துவிட்டார். பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேட்டரியைச் சோதித்தான், தெம்பாக இருந்தது. ஃப்யூஸ் போகவில்லை. ஃபில்டரைக் கழற்றி ஊதினான், அழுக்கே இல்லை. உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று இணைப்பைத் தளர்த்தினான். தண்ணீர்தான் மூஞ்சியில் அடித்தது.

"நல்லதாப் போச்சு, காலையில குளிச்ச மாதிரியும் தெரியல" என்றார் மாமியார்.

பம்ப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் போகிற வழி அடைபட்டால் பம்ப் தானே நின்று அந்த விளக்கைக் காட்டும். பொத்தானை அமுக்கினான். பம்ப் சமர்த்தாக உறுமியது.

அவன் ஓடிப்போய் கம்பை மறுபடி முதல் மாடிக் கடைசி ஜன்னலுக்கு உயர்த்தினான். மற்ற ஜன்னல்களில் எல்லாம் திரை இறங்கியிருந்தது. இதில் மட்டும் யாரோ உள்ளிருந்து திரையைச் சரசரவென்று ஏற்றினார்கள். கண்ணாடியில் வழிந்த தண்ணீரில் ஆள் யாரென்று தெரியவில்லை.

பொசுக்கென்று தண்ணீர் நின்றது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வேனுக்கு ஓடினான். மறுபடியும் சிவப்பு விளக்கு.

"இதே ஜன்னல்லயே எப்படி அத்தை நிக்கும்? பம்ப் நல்லாத்தான் இருக்கு. வழியில எங்கியோ அடைப்பு."

"அங்கயே நின்னு மேல பாருங்கன்னா கேக்கறீங்களா? தண்ணி நின்னதும் குடுகுடுன்னு இங்க ஓடியாந்துடறீங்க!"

"மேல என்ன இருக்கு? பிரஷ் புதுசு. அதுல அடைப்பு வராது."

"எல்லாம் தெரிஞ்ச மேதாவி! உங்ககிட்ட என் பொண்ணு எப்படித்தான் குப்ப கொட்டினாளோ."

"நம்ம பக்கமே இல்லாத இந்தக் கட்டடத்த உங்கள யாரு பிடிக்கச் சொன்னது?"

"என் வேன், என் இஷ்டம்."

அவனுக்கு முகம் சிவந்தது. "கடைசியாக் கேக்கறேன் அத்தை. அவ எங்க இருக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப இந்த ஜன்னலோட நான் கெளம்பறேன். இனிமே என் மூஞ்சிய நீங்க பார்க்க வேண்டாம்."

"சாவிய வெச்சுட்டுக் கெளம்புங்க."

பொத்தானை ஆத்திரத்தோடு குத்திவிட்டுப் போய்க் கம்பை உயர்த்தினான். கண்ணாடியில் தண்ணீர் ஒரு தடவை வழிந்தது; நின்றது.

இந்தத் தடவை அவன் பம்ப்பின் பெட்டியை நோக்கி ஓடவில்லை. தரையில் கிடந்த குழாயைக் கையில் பிடித்துத் தடவியபடியே வந்தான். பாதி தூரம், முக்கால் தூரம், எங்கும் மடிப்பில்லை. வேனின் பின்பக்கம் திரும்பினான்.

அங்கே குழாய் இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மாமியாரின் செருப்புக் கால் அழுத்தமாக ஊன்றியிருந்தது.

"நீங்களா?" அவன் கத்தினான். "இத்தன நேரம் என்னைக் கிறுக்கனாக்கினது நீங்களா? போறவனக்கூட அவமானப்படுத்தித்தான் அனுப்பணுமா அத்தை? அப்படி என்ன பகை உங்களுக்கு? கால எடுங்க!"

மாமியார் காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினார்.

"எங்க இருக்கான்னு வாயத் திறந்து சொல்ல மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், தண்ணி வடிஞ்சு கண்ணாடி தெளிஞ்சிருக்கு, அந்த ஜன்னல நிமிர்ந்து பாருங்க மாப்பிள்ளை!"