யாக்கோபு ஏன் அழுதார்?

யூதர்களின் ஹனுக்கா விளக்கு விழாவுக்கு யோகெவெத் சிரித்துக்கொண்டே வகுப்பறைக்குள் வந்தாள். சிவப்புக் கவுன், உதட்டில் சாயம், தலைத்துணியில் ஜரிகை வேறு.

ஜாம் பன் தின்றுகொண்டிருந்த மற்ற அம்மாக்களின் வாய் அப்படியே நின்றது.

"புருஷன் எல்கானாவை அடக்கம் பண்ணி நாலு மாசம்கூட ஆகல. இவளுக்குக் கவுனைப் பாரு," என்றாள் ப்னீனா.

"இழவு வீட்டுல ஏழு நாள் தரையில உக்காந்ததோட துக்கம் தீர்ந்துபோச்சு போல."

"அடுத்தவனைப் பாத்துட்டாளோ என்னவோ."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆசிரியை திர்ட்சாவுக்கே சுருக்கென்றுதான் இருந்தது. போன வாரம் வரை மகள் ஹொதாயாவைக் கொண்டுவிட வரும்போதெல்லாம் கண் வீங்கி வந்தவள் இந்த யோகெவெத்.

விளக்கை அணைத்துக் கார்ட்டூனைப் போட்டாள் திர்ட்சா. தோரா வேதத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிற இரண்டாம் வகுப்பு, அதே கதையைக் கார்ட்டூனில் காட்டினால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அண்ணன்கள் விற்றுவிட்டு, செத்துவிட்டதாக அப்பாவிடம் சொன்ன யோசேப்பின் கதையில் இன்றைக்கு இரண்டாம் பாகம்.

தானியம் வாங்கப் போன அண்ணன் ஒருவன் சாக்கு தடுக்கி விழுந்தான். பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சிரித்தது யோகெவெத்தான்.

மகன் யோசேப்பை நினைத்துக் கிழவர் யாக்கோபு தேம்பும் இடம் வந்தது. அறையே அடங்கிப்போனது. யோகெவெத் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். ஹொதாயா திரையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திர்ட்சாவுக்குப் பொறுக்கவில்லை. படம் முடிந்ததும் யோகெவெத்தை வெளி வராந்தாவுக்கு அழைத்துப்போனாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டு விஷயத்துல நான் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனா குழந்தை உங்களையேதான் பாத்துட்டிருந்தா. அவ முன்னாடியாவது கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"அப்பா போனதுல அம்மாவுக்கு வருத்தமே இல்லைன்னு நினைச்சுக்க மாட்டாளா?"

"நினைக்கணும் டீச்சர்."

யோகெவெத்தின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஜெருசலேம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அப்பன் பாடைக்குப் பின்னாடி பெத்த பிள்ளைங்க போகக் கூடாது. ஹொதாயாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுத்தான் அவரை அடக்கம் பண்ணோம். அவ எதையுமே பாக்கல."

"தெரியும்."

"போன வாரம் முதல் பாகம் போட்டீங்க. யாருமே சமாதானப்படுத்த முடியாம யாக்கோபு ஏன் அழுதுட்டே இருந்தார்னு ஒரு விளக்கம் சொன்னீங்களாமே?"

சொன்னாள்தான். பெரியவர்கள் காலம்காலமாகச் சொல்லிவரும் விளக்கம் அது. செத்தவர்களை மனசு மெல்ல மறக்கும், அது கடவுள் வைத்த விதி. உயிரோடு இருப்பவரைச் செத்ததாக எண்ணி அழுதால் ஆறுதலே வராது. யோசேப்பு சாகவில்லை, அதனால்தான் யாக்கோபின் அழுகை நிற்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அவள் இதைச் சொன்னபோது வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது.

"அன்னிக்குச் சாயங்காலம் அடுப்படியில நின்னு அழுதுட்டிருந்தேன். ஓடி வந்து கட்டிக்கிட்டா. 'நல்லா அழும்மா, நிறுத்தாதே. உனக்கு அழுகை நிக்கலைன்னா அப்பா சாகலைன்னு அர்த்தம்'னா. அப்பா போனதுலேர்ந்து அவ முகத்துல அப்படியொரு சந்தோஷத்தை நான் பாக்கல."

திர்ட்சா வகுப்பறைக் கதவைச் சாத்தினாள்.

"அப்பாவுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொல்றா. அவர் வந்தா வெளியில நிக்கக் கூடாதாம், கதவைத் தாழ் போட விடமாட்டேங்கிறா. அவர் செத்துட்டார்டின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். 'அப்போ உன் கண்ணு ஏன் சிவந்திருக்கு?'ன்னு கேக்கறா."

"நான் அவகிட்டப் பேசறேன் யோகெவெத். நான் சொன்னது தப்புன்னு..."

"வேணாம் டீச்சர். நீங்க சொன்னதைத்தான் அவ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா, அதாலயேதான் அவளை வெளியில கொண்டுவரணும்."

அறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. யோகெவெத் கண்ணோரத்தை விரலால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள்.

"அவ ஒரு தடவையாவது அப்பாவுக்காக அழணும் டீச்சர். நான் அழுதுட்டிருக்கறவரைக்கும் அவ அழமாட்டா."