கம்பளிக்குள் அம்மாக்கண்ணு

மழை விட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில், முக்காலியின் மேல் ஒரு கறுப்புக் கம்பளி உட்கார்ந்திருக்கிறது. அதன் மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை. கம்பளிக்குள் இருப்பவள் அம்மாக்கண்ணு. அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. புருஷன் பொன்னையாவுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை அப்பன் பக்கம்தான் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் அப்பனும் பிள்ளையும் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். அந்தப் பாஸ்போர்ட்டுக்குத்தான் இந்தப் படம். வேறு யார் தூக்கினாலும் பிள்ளை வீரிட்டு அழுவதால், அட்டன் டவுனிலிருந்து கமராவோடு வந்திருக்கும் சரிபுதீன் படத்தில் பிள்ளை மட்டும் விழும்படி அவளைக் கம்பளியால் மூடி உட்காரவைத்திருக்கிறார். "விரல் தெரியுது தங்கச்சி, உள்ளுக்கு எடுங்க." தேயிலைக் கறை படிந்த விரல்கள் மடிப்புக்குள் மறைகின்றன. பனி இறங்கி வெளிச்சம் மங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பொன்னையா, "இங்க பாரு சாமி, அப்பாவப் பாரு" என்கிறான். ஒரு கணம் பிள்ளை அவனைப் பார்க்கிறது, கமரா சொடுக்குகிறது. "எடுத்தாச்சு. வெளிய வாங்க தங்கச்சி." கம்பளி விலகவில்லை. லேசாகக் குலுங்குகிறது. பிள்ளை திரும்பி, முகம் இருக்கும் இடத்தைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறது, அம்மா ஒளிந்து விளையாடுகிறாள் என்று.