மயிலம்மாளின் மசக்கை

"பாத்தியா, மருத்துவச்சி வீட்டுக்கு மருமகளே போறா! தனக்குத் தங்கலைன்னா மாமியாருக்கும் தங்கக் கூடாதாம்!"

உறையூர்த் தறிக்காரத் தெருக் குழாயடியில் வீரம்மாள் சொன்னதும், தண்ணீர் பிடிப்பதை மறந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மயிலம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. கல்யாணமான மகன் வீட்டில் இருக்கும்போது மசக்கை வந்ததுதான் அவள் செய்த குற்றம். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம். கருவைக் கலைக்கச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் திட்டி அனுப்புவார்கள். மருத்துவச்சி ராக்கம்மாள் தரும் பொட்டலம்தான் கதி.

"நான் போனா தெருவே சிரிக்கும். நீ போய் வாங்கிட்டு வந்துடு" என்று மருமகள் வள்ளிக்கண்ணுவை அனுப்பிவிட்டுத் தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள் மயிலம்மாள்.

ஒரு பெண் குழந்தை கொடு என்று வெக்காளியம்மனிடம் எத்தனை வருஷம் அழுதிருப்பாள்! அப்போதெல்லாம் கொடுக்காதவள் இப்போது போய்க் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று முடிவு செய்த பிறகும் மயிலம்மாளின் கை வயிற்றை விட்டு நகரவில்லை.

வள்ளிக்கண்ணு வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். பொட்டலத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். அதன் பக்கத்தில், காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல்களையும் வைத்தாள்.

"இது எதுக்குடி?"

"பஸ் ஏறிச் சின்னக்கடை வீதி வரைக்கும் போயிட்டு வந்தேன் அத்தை. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"ஊரு சிரிக்குமேடி."

"ஊருக்காகத்தான் கலைக்கிறீங்களா?"

மயிலம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஊரு கிடக்குது. ஏழு வருஷமா ஒரு பிள்ளைக்கு நீ ஏங்குறே. உன் கண்ணு முன்னாடி நான் எப்படிடி வயித்தைத் தள்ளிக்கிட்டு நடமாடுவேன்?"

வள்ளிக்கண்ணு மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஏங்கத்தான் செய்யறேன் அத்தை. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். வளைகாப்புல பிள்ளைத்தாச்சி பக்கத்துல உட்கார்ந்து வளையல் போட்டுக்கிட்டா நமக்கும் தங்கும்னு சொல்றாங்க. இந்தத் தெருவுல எத்தனை வளைகாப்பு நடந்துச்சு! கண்ணு பட்டுடும்னு ஒருத்தர்கூட என்னைப் பக்கத்துல விடலை."

வளையல்களை மாமியாரின் மடியில் வைத்தாள்.

"உங்க வளைகாப்புலயாவது என்னைப் பக்கத்துல உட்கார வைப்பீங்களா அத்தை?"

மயிலம்மாள் பொட்டலத்தைக் கீழே தள்ளிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து, பலகையில் மருமகளுக்கு இடம் விட்டாள்.