கோபமே வராத வாடிக்கையாளர்

"உட்காருங்க கார்வென். நீங்க பேசினதை நீங்களே கேளுங்க. உங்களை வேலையில வெச்சுக்கலாமா வேணாமான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க."

எம்ரிஸ் கதவைச் சாத்தினார். இங்கிலாந்துக்குப் பக்கத்து நாடான வேல்ஸில், ஸ்வான்சியில் இருக்கும் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனி அது. போன் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

கார்வென் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமில்லை. வீட்டில் இரண்டு வயசுப் பெண். அதைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்துக்கே பாதிச் சம்பளம் போய்விடும். இருக்கிற பாதியும் போய்விடுமோ என்று உட்கார்ந்திருந்தாள்.

எம்ரிஸ் போன் பதிவை நடுவிலிருந்து ஓட விட்டார். முதலில் அவள் குரல்.

"இந்த ஓட்டைக் காருக்கெல்லாம் இன்ஷூரன்ஸா? பேசாம பழைய இரும்புக்குப் போடுங்க."

"நீ சொல்றது சரிதான் கண்ணு," என்றது ஒரு கிழவரின் குரல். "வயசாயிடுச்சு அதுக்கு. மன்னிச்சுக்க."

எம்ரிஸ் நிறுத்தினார். "இவர் யாரு தெரியுமா? அக்ராய்ட். இருபத்திரண்டு வருஷமா நம்மகிட்டயே இருக்கார். ஒரு விபத்து கிடையாது. நாம வருஷா வருஷம் விலையை ஏத்துறோம், அவர் கட்டிட்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து வேற அனுப்புறார். அவர் காரைப் போய் ஓட்டைங்கிறீங்க!"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க?"

பதிவு மறுபடி ஓடியது.

"கொஞ்சம் இருங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

காத்திருப்புப் பாட்டு. அது முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எம்ரிஸ் பல்லைக் கடித்தார்.

"இன்னும் லைன்லதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு. நல்ல பாட்டு. டீயோட பிஸ்கட் ஏதாச்சும் சாப்பிட்டியா?"

எம்ரிஸின் செல்போன் அடித்தது. "மீட்டிங்ல இருக்கேம்மா... கட்டிடாத! நான் வந்து பாத்துக்கிறேன்... நல்லவங்களா இருந்தா என்னம்மா, அதுக்காகக் கேட்டதைக் குடுத்துடுவியா? வை போனை."

விட்ட இடத்திலிருந்து பதிவு தொடர்ந்தது.

"உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? அக்ரூட்டா?"

"உனக்கு எப்படி வருதோ அப்படியே கூப்பிடு கண்ணு."

"ஊரு ஹாலிஃபாக்ஸ்னு போட்டிருக்கு. லங்காஷயர் பக்கம்தானே?"

எம்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலிஃபாக்ஸ் இருப்பது இங்கிலாந்தின் யார்க்ஷயரில். யார்க்ஷயர்காரரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிற லங்காஷயர்காரனுக்கு அவர்கள் குடை இரவல் கொடுப்பதற்குக்கூட யோசிப்பார்கள்.

"என்ன சொன்னே?" கிழவரின் குரல் மாறியிருந்தது.

"லங்காஷயர்னு..."

"ஏம்மா, காரைத் திட்டினே, பொறுத்துக்கிட்டேன். பேரைக் கொலை பண்ணினே, பொறுத்துக்கிட்டேன். என் பாட்டன் பூட்டன் பொறந்த மண்ணைப் போயி அவனுங்களோட சேர்க்கிறியா? இது யார்க்ஷயர்! போதும்மா போதும். நான் வேற கம்பெனிக்குப் போறேன்!"

எம்ரிஸ் நிறுத்தினார். "இருபத்திரண்டு வருஷ ஆளு. ஒரே போன்ல துரத்திட்டீங்க. அடையாள அட்டையைக் கழட்டி வைங்க."

"இன்னும் கொஞ்சம் ஓட விடுங்க," என்றாள் கார்வென்.

கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு கார்வெனின் குரல், வேறு யாரோ பேசுவது போல.

"ரொம்ப நன்றிங்க ஐயா! போறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சொன்னாத்தான் எனக்குத் தள்ளுபடி குடுக்கவே வழி திறக்கும். புதுசா வர்றவங்களுக்கு என்ன விலையோ அதே விலைதான் இனி உங்களுக்கும், கேட்டதுல பாதிதான். உங்க காரு தங்கம்ங்க. பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

கிழவரின் குரல் இறங்கியது.

"அப்போ... இது யார்க்ஷயர்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? என் மாமியாரும் யார்க்ஷயர்தான், லீட்ஸ். அந்தப் பெருமையைத் தினமும் கேக்குறேனே!"

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். பதிவு முடிந்தது.

"'போறேன்'னு அவங்க வாயால சொல்லாம தள்ளுபடி கிடையாது. சொல்லுங்கன்னு நாம எடுத்துக் குடுக்கவும் கூடாது. ரூல் போட்டது நீங்கதான்," என்றாள் கார்வென். "மொதல்ல மரியாதையாத்தான் கேட்டேன், வேற எங்கயாவது விலை விசாரிச்சீங்களான்னு. 'இத்தனை வருஷப் பழக்கம், அது துரோகமில்லையா கண்ணு? கட்ட முடியலைன்னா காரை வித்துடுறேன்'னுட்டார். அவர் வீட்டம்மாவுக்கு முட்டி போயிடுச்சு. அவங்க மேட்டுக்கு பஸ் கிடையாது. கோபப்படுத்தக் கூடாதுன்னு ரூல்ல எங்கயும் போடலையேங்க."

எம்ரிஸ் எழுந்தார். கண்ணாடிக் கதவின் திரையை இறக்கினார். கார்வென் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றப் போனாள்.

"அது அங்கேயே இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை ஒரு போன் வரும். பீவன்னு பேரு. பத்தொம்பது வருஷமா நம்ம கம்பெனிதான். எவ்வளவு கேட்டாலும் நன்றி சொல்லிட்டுக் கட்டிடுவாங்க. சொந்தக்காரங்க கணக்கை நான் தொடக் கூடாது. நீங்கதான் எடுக்கணும்."

"யாருங்க அது?"

"எங்கம்மா. அசல் வேல்ஸ்காரங்க. காரைத் திட்டி நேரத்தை வீணாக்காதீங்க, சிரிப்பாங்க. எடுத்த எடுப்புல, 'நீங்க இங்கிலாந்துக்காரங்கதானே?'ன்னு கேட்டுடுங்க."